கேள்வி – பதில்: யார் மறைசாட்சி?

உயிர்த்த ஞாயிறு நெருங்கும் நாட்களில் மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களின் கடிதங்களில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: மறைசாட்சி. இம்முறை அந்தக் கடிதங்களையே எடுத்துக்கொண்டோம். பதில் எழுதும் இருவரில் ஒருவர் கத்தோலிக்கத் திருமறை கற்பிப்பவர். மற்றவர் மெதடிஸ்த சபையில் வேதபாடம் நடத்துபவர். இரு தரப்பும் வேறுபடும் இடங்களை மறைக்காமல் சொல்லியிருக்கிறோம்.

கத்தோலிக்கர் ‘மறைசாட்சி’ என்கிறார்கள். எங்கள் சபையில் ‘இரத்தசாட்சி’. அம்மம்மாவின் பழைய செபப் புத்தகத்திலோ ‘வேதசாட்சி’. மூன்றும் ஒன்றா? வேதாகமத்தில் இந்தச் சொல் எங்கே வருகிறது?
— ஆசிரியை, கல்முனை

மூன்றும் ஒருவரைத்தான் குறிக்கின்றன. மூன்றிலும் பொதுவாக நிற்கும் ‘சாட்சி’ என்ற பாதியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘மார்த்துஸ்’. அது பிறப்பிலே சமயச் சொல் அல்ல, நீதிமன்றச் சொல். கண்டதைக் கண்டபடி வந்து சொல்பவர் மார்த்துஸ். காணி வழக்கில் கூண்டில் ஏறுபவரும் மார்த்துஸ்தான். ‘இரண்டு மூன்று சாட்சிகளுடைய வாக்கினால்’ என்று மத்தேயு 18:16 சொல்லும்போதும் இதே சொல்தான் வருகிறது. சாவு என்ற பொருள் அதற்குள் இல்லை.

உயிர்த்த ஆண்டவர் சீடரிடம் ‘எனக்குச் சாட்சிகளாயிருப்பீர்கள்’ என்கிறார் (அப். 1:8). போய்ச் சாகுங்கள் என்று அவர் சொல்லவில்லை, போய்ச் சொல்லுங்கள் என்றார். சொன்னதற்காகச் சாவு வரத் தொடங்கியபோதுதான் சொல்லின் பொருள் மெல்ல நகர்ந்தது. அந்த நகர்வை வேதாகமத்துக்குள்ளேயே காணலாம். அப்போஸ்தலர் 22:20இல் பவுல் ‘உம்முடைய சாட்சியாகிய ஸ்தேவானுடைய இரத்தம்’ என்கிறார். சாட்சியும் இரத்தமும் ஒரே வரியில் சேர்ந்துவிட்டன. வெளிப்படுத்தல் 2:13இல் பெர்கமுவில் கொல்லப்பட்ட அந்திப்பாவை ஆண்டவரே ‘எனக்கு உண்மையுள்ள சாட்சி’ என்று அழைக்கிறார். அதே நூலின் 1:5இல் ‘உண்மையுள்ள சாட்சி’ என்பது இயேசுவின் பட்டம். தம் பட்டத்தையே அந்திப்பாவுக்குக் கொடுக்கிறார்.

இன்னொரு நுணுக்கம் அப்போஸ்தலர் 7:58இல் இருக்கிறது. ஸ்தேவான்மேல் கல்லெறிந்தவர்கள் தங்கள் மேலாடைகளைச் சவுலின் (பின்னாளில் பவுல் ஆனவரின்) காலடியில் வைத்தார்கள். அங்கே எறிந்தவர்களுக்கும் ‘சாட்சிக்காரர்’ என்றே பெயர், கிரேக்கத்திலும் அதே மார்த்துஸ்தான். உபாகமம் 17:7இன்படி, குற்றம் சாட்டியவனே முதற்கல்லை எறிய வேண்டும். ஆக, அந்த மைதானத்தில் இரு வகைச் சாட்சிகள் நின்றார்கள். ஒரு வகை பொய் சொல்லிக் கல்லை எடுத்தது. மற்றவர் உண்மை சொல்லிக் கல்லை வாங்கினார். வேதபாட வகுப்பில் இந்த ஒரு வசனத்துக்கு முழு நேரத்தையும் கொடுத்தாலும் தகும்.

இரண்டாம் நூற்றாண்டின் நடுவில், ஸ்மிர்னா ஆயர் பொலிக்கார்ப்பின் மரணத்தைப் பற்றி அவரது சபை எழுதிய கடிதத்தில், உயிரைக் கொடுத்தவர் என்ற பொருளில் சொல் நிலைத்துவிட்டது. அதற்குப் பிறகும் லியோன் நகரக் கிறிஸ்தவர்கள் (கி.பி. 177) சிறையில் அடிபட்டுக் கிடந்தபோதும் தங்களை அப்படி அழைக்க விடவில்லை. அந்தப் பெயர் கிறிஸ்துவுக்கும், ஏற்கெனவே இறந்தவர்களுக்கும் உரியது, நாங்கள் வெறும் அறிக்கையிட்டவர்கள் என்றார்கள். துன்பப்பட்டும் உயிர் தப்பியவரை ‘அறிக்கையிட்டவர்’ என்று தனியாகப் பிரிக்கும் வழக்கம் இப்படித்தான் உறுதிப்பட்டது.

தமிழ்ச் சொற்களில் எங்கள் விருப்பத்தைக் கேட்டால், ‘இரத்தசாட்சி’ கண்ணை இரத்தத்துக்கு இழுக்கிறது, ‘மறைசாட்சி’ எதற்குச் சாட்சி என்பதைச் சொல்கிறது. இரண்டும் பிழையல்ல. ‘தியாகி’ மட்டும் பொருந்தாது. தியாகி எதையோ கொடுக்கிறவர், சாட்சி எதையோ சொல்கிறவர். நம் முஸ்லிம் அயலவர்கள் சொல்லும் ‘ஷஹீத்’ என்ற அரபுச் சொல்லும் சாட்சி என்ற வேரிலிருந்தே வருகிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

முதல் மறைசாட்சி ஸ்தேவானா? அப்படியென்றால் திருமுழுக்கு யோவான், பெத்லெகேம் குழந்தைகள், ஆபேல்?
— க.பொ.த. சாதாரண தர மாணவர், செங்கலடி

பரீட்சைத் தாளில் ஸ்தேவான் என்றே எழுதுங்கள். உயிர்த்த கிறிஸ்துவை அறிவித்ததற்காக முதலில் கொல்லப்பட்டவர் அவர். டிசம்பர் 26 அவரது விழா. அப்போஸ்தலருள் முதலில் இறந்தவர் செபெதேயுவின் மகன் யாக்கோபு, ஏரோது அவரை வாளால் கொன்றான் (அப். 12:2). ஆபேலை நீதிமான்களின் இரத்த வரிசையில் முதலில் வைப்பவர் இயேசுவே (மத். 23:35). யோவான் இறந்தது மன்னனின் முறைகெட்ட திருமணத்தைக் கண்டித்ததற்காக. விசுவாசக் கோட்பாட்டை மறுக்கச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை, ஆனாலும் திருச்சபை அவரை மறைசாட்சியாகவே வணங்குகிறது. கடவுளின் நீதிக்காக இறப்பதும் சாட்சியமே என்பதற்கு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் அவரையே எடுத்துக்காட்டினார். குழந்தைகளின் விழா டிசம்பர் 28. அவர்களைப் பற்றி அடுத்த பதிலில்.

கத்தோலிக்க விவிலியம் வைத்திருப்பவர்கள் 2 மக்கபேயர் 6, 7 அதிகாரங்களைத் தவறவிடக் கூடாது. தொண்ணூறு வயது யூதரான எலயாசர், தம் சமயம் விலக்கிய பன்றி இறைச்சியை அரசன் கட்டளையிட்டும் உண்ண மறுக்கிறார். அவருக்காக இரங்கிய சிலர், உமக்கு விலக்கில்லாத இறைச்சியை நீரே கொண்டுவந்து, அரசன் சொன்னதை உண்பதுபோல் நடித்துவிடும் என்கிறார்கள். அதையும் மறுக்கிறார், தொண்ணூறு வயதில் எலயாசர் மதம் மாறிவிட்டார் என்று இளைஞர்கள் நினைப்பார்களே என்பதுதான் காரணம். சாட்சியம் என்றால் பார்ப்பவர் கண்ணுக்கும் பொறுப்பு என்பது இதைவிடத் தெளிவாக எங்கும் இல்லை. மெதடிஸ்த வேதாகமத்தில் இந்த நூல் இல்லை. எபிரெயர் 11:35–38 இதே நிகழ்வுகளைத் தொட்டுச் செல்கிறது.

2019 ஏப்ரல் 21 அன்று சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் எங்கள் உறவினர்களின் பிள்ளைகள் இறந்தார்கள். குடும்பத்தில் பாதிப் பேர் கத்தோலிக்கர், பாதிப் பேர் சபையார். அவர்களை மறைசாட்சிகள் என்று சொல்லலாமா? கத்தோலிக்க உறவினர் ஆன்ம இளைப்பாற்றிப் பூசை ஒப்புக்கொடுப்பது சரியா? நினைவுக்கல்லில் என்ன எழுதுவது?
— ஒரு பெரியம்மா, மட்டக்களப்பு

அம்மா, மூன்று கேள்விகளையும் தனித்தனியாக எடுக்கிறோம்.

முதலாவது, சொல். திருச்சபை ஒருவரை மறைசாட்சி என்று அறிவிக்கு முன் இரண்டு பக்கத்தையும் பார்க்கும். கொன்றவன் எதை வெறுத்துக் கொன்றான், இறந்தவர் எதற்காக அந்தச் சாவை ஏற்றார். முதற்பக்கம் உங்கள் பிள்ளைகள் விடயத்தில் மறைவாக இல்லை. தாக்குதலுக்குத் தேர்ந்தெடுத்த நாள் உயிர்த்த ஞாயிறு, தேர்ந்தெடுத்த இடங்களுள் மூன்று ஆராதனை நடந்த ஆலயங்கள். இரண்டாம் பக்கத்தில்தான் சிக்கல் வருகிறது. ‘கிறிஸ்துவை மறுதலி’ என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. யோசித்து மறுமொழி சொல்ல ஒரு நொடியும் கிடைக்கவில்லை.

இங்கேதான் பெத்லெகேம் குழந்தைகள் முக்கியமாகிறார்கள். அவர்கள் பேசவில்லை, தேர்ந்தெடுக்கவில்லை, கிறிஸ்துவின் பெயர்கூட அறியார். குழந்தை இயேசுவைத் தேடிய ஏரோதின் வாள் அவர்கள்மேல் விழுந்தது. திருச்சபை மிகப் பழங்காலத்திலிருந்தே அவர்களுக்குச் சிவப்பு அணிந்து விழா எடுக்கிறது. ஆகவே அன்றாட வழக்கில், குடும்பத்தில், சபையில் உங்கள் பிள்ளைகளை விசுவாசத்தின் சாட்சிகள் என்று நீங்கள் சொல்வதை எந்தக் குருவும் எந்தப் போதகரும் தடுக்க முடியாது. தடுக்கவும் கூடாது.

அதிகாரபூர்வ அறிவிப்பு வேறு. புரட்டஸ்தாந்து சபைகளில் அப்படி அறிவிக்கும் முறையே இல்லை, எனவே அந்தப் பக்கத்தில் காத்திருக்க எதுவுமில்லை. கத்தோலிக்கத் தரப்பில், அன்றே தாக்கப்பட்ட கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி ஆலயங்களில் இறந்த 167 கத்தோலிக்கரின் பெயர்கள் வத்திக்கானின் ‘விசுவாசத்தின் சாட்சிகள்’ பட்டியலில் சேர்க்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் கொழும்பில் அறிவிக்கப்பட்டது. அது நினைவுப் பட்டியல். புனிதர் நிலைக்கு முந்திய படியான அருளாளர் பட்டம் அல்ல. இரண்டையும் ஒன்றாக எண்ணி ஏமாறாதீர்கள்.

இரண்டாவது, பூசை. ‘மறைசாட்சிக்காக மன்றாடுவது அவருக்கு அவமதிப்பு, அவரது மன்றாட்டையே நாம் கேட்க வேண்டும்’ என்பது பழங்காலத் திருச்சபை அறிஞர் அகுஸ்தீனாரின் புகழ்பெற்ற கருத்து. ஆனால் அது திருச்சபை ஏற்றுக்கொண்டவர்களைப் பற்றியது. அறிவிப்பு இல்லாதவரை பெரியவர்களுக்காக வழக்கம்போல் ஆன்ம இளைப்பாற்றிப் பூசை ஒப்புக்கொடுக்கலாம். அதனால் அவர்களின் மாண்பு குறையாது. புத்தி விவரம் அறியும் வயதை, திருச்சபைச் சட்டம் ஏழு என்று கொள்ளும் அந்த வயதை, எட்டாமல் இறந்த, திருமுழுக்குப் பெற்ற குழந்தைகளுக்கோ பாவக் கழுவாய் தேவையில்லை. அவர்களுக்கான பூசையில் செபங்கள் பெற்றோரின் ஆறுதலுக்காகவே அமைந்திருக்கும். பூசைக்குப் பெயர் எழுதிக் கொடுக்கும்போது ‘குழந்தை, வயது இத்தனை’ என்று சேர்த்து எழுதுங்கள். குருவானவர் பொருத்தமான செபங்களை எடுப்பார். சபை உறவினர் நினைவு ஆராதனையில் நன்றி கூறி மன்றாடுவார்கள். அந்த நாளில் இரண்டு இடங்களுக்கும் குடும்பமாகப் போங்கள்.

மூன்றாவது, கல். ‘விசுவாசத்தின் சாட்சி’, ‘ஆண்டவரின் இல்லத்தில் உயிர்நீத்தவர்’ என்று எழுதலாம். ‘புனித’, ‘அருளாளர்’ வேண்டாம். படத்தில் தலையைச் சுற்றி ஒளிவட்டமும் வேண்டாம். இது கடுமைக்காகச் சொல்வதல்ல. அறிவிப்புக்கு முன் பொது வணக்கம் செலுத்துவதை எட்டாம் ஊர்பான் பாப்பரசர் 17ஆம் நூற்றாண்டிலேயே தடுத்தார். பிற்காலத்தில் விசாரணை தொடங்கினால் ‘பொது வணக்கம் நடைபெறவில்லை’ என்று கல்லறையையும் வீட்டையும் பார்த்து உறுதிசெய்வார்கள். அன்பினால் வரைந்த ஒளிவட்டமே அன்றைக்குத் தடையாகிவிடக் கூடாது.

குண்டைக் கட்டிக்கொண்டு வந்தவனும் தன்னைச் சாட்சி என்றுதானே நினைத்தான்? போரில் இறந்தவர்களையும் அப்படிச் சொல்கிறார்களே. எங்கே கோடு கீறுவது?
— இளைஞர் ஒருவர், ஆரையம்பதி

பிறரைக் கொல்வதற்காகச் சாகிறவர் கிறிஸ்தவப் பொருளில் மறைசாட்சி அல்ல. இதில் விதிவிலக்கே கிடையாது. ஸ்தேவானின் கடைசி வாக்கு ‘இவர்கள்மேல் இந்தப் பாவத்தைச் சுமத்தாதிரும்’ (அப். 7:60). கொல்பவனுக்காக மன்றாடும் இந்த வாக்கு இல்லாத இடத்தில் மறைசாட்சியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. உடலைச் சுட்டெரிக்கக் கொடுத்தாலும் அன்பு இல்லாவிட்டால் பயனொன்றும் இல்லை என்று 1 கொரிந்தியர் 13:3 முன்கூட்டியே வாசலை அடைத்துவிட்டது.

பிறரைக் கொல்லாமல் சாவை மட்டும் தேடிப் போவதும் ஆகாது. நான்காம் நூற்றாண்டு வட ஆபிரிக்காவில் ஒரு கூட்டத்தார் மறைசாட்சியாக வேண்டும் என்று மலையுச்சியிலிருந்து குதித்தார்கள். வழிப்போக்கரை மறித்து, எங்களைக் கொல்லுங்கள் என்று மிரட்டினார்கள். அகுஸ்தீனார் அவர்களுக்கு எதிராகச் சொன்னதுதான் இன்றுவரை அளவுகோல்: மறைசாட்சியை ஆக்குவது தண்டனை அல்ல, காரணம். சிலுவையில் மூவர் தொங்கினார்கள், தண்டனை ஒன்றே, காரணம் மூன்று. 1 பேதுரு 4:15உம் கொலைபாதகனாகவோ, திருடனாகவோ, பிறர் காரியத்தில் தலையிடுகிறவனாகவோ பாடுபட வேண்டாம் என்கிறது.

போரில் இறந்தவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். கிழக்கில் இந்தக் கேள்வி எழாத வீடு குறைவு, ஆகவே அளந்து சொல்கிறோம். நாட்டுக்காகவோ இனத்துக்காகவோ உயிரைக் கொடுப்பதை அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துப் பேசினார். பொதுநன்மை உயர்ந்ததுதான், ஆனால் அது கடவுளை முன்னிட்டுச் செய்யப்படும்போதே மறைசாட்சியமாக முடியும் என்றார். ஆயுதம் ஏந்திப் போரில் இறந்தவருக்கு அவரவர் மக்கள் கொடுக்கும் மதிப்பு வேறு சொல்லில், வேறு இடத்தில் இருக்கிறது. அந்தத் தாயின் கண்ணீர் குறைந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. பலிபீடத்துச் சொல்லை அங்கே எடுத்துச் செல்ல வேண்டாம் என்பதே பொருள்.

துன்புறுத்தல் வந்தால் ஓடி ஒளிவது பாவமா? ஒரு கடுதாசியில் கையொப்பம் வைத்துத் தப்பலாம் என்றால்?
— அரச ஊழியர், அம்பாறை

ஓடுவது பாவமல்ல. ஓடச் சொன்னவர் ஆண்டவர்: ‘ஒரு பட்டணத்தில் உங்களைத் துன்பப்படுத்தினால் மறுபட்டணத்திற்கு ஓடிப்போங்கள்’ (மத். 10:23). பவுல் தமஸ்குவில் கூடையில் இறங்கித் தப்பினார். எருசலேமில் சவுக்கடிக்குக் கட்டியபோது உரோமைக் குடியுரிமையைச் சொல்லித் தடுத்தார்; கடைசியில் இராயனிடம், அதாவது உரோமைப் பேரரசனிடம், மேன்முறையீடு செய்தார். சட்டத்தரணியைப் பிடிப்பதும் முறைப்பாடு கொடுப்பதும் விசுவாசக் குறைவு அல்ல என்பதற்கு இவை போதும்.

பொலிக்கார்ப்பு ஆயரின் வரலாறு (கி.பி. 155 அளவில்) இதற்கு நல்ல பாடம். அவர் முதலில் ஒரு தோட்ட வீட்டில் ஒளிந்தார், பிறகு இன்னொன்றுக்கு மாறினார். பிடிக்க வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கச் சொல்லிவிட்டு, செபிக்க ஒரு மணிநேரம் கேட்டு இரண்டு மணிநேரம் செபித்தார். ‘கிறிஸ்துவைப் பழித்துச் சொல், விட்டுவிடுகிறேன்’ என்ற ஆளுநரிடம், 86 ஆண்டுகள் அவருக்குப் பணி செய்தேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லையே என்றார். அதே கடிதத்தில் குவிந்துஸ் என்று இன்னொருவர் வருகிறார். பிரிகியாவிலிருந்து வந்தவர், தானாக முன்வந்து பிடிபட்டார், மற்றவரையும் தூண்டினார். விலங்குகளைக் கண்டதும் நடுங்கிப் பலியிட்டுவிட்டார். தாமாகப் போய் நிற்பவர்களை நாங்கள் புகழ்வதில்லை, நற்செய்தி அப்படிக் கற்பிக்கவில்லை என்று அந்தச் சபையே எழுதிவைத்தது.

கடுதாசி விடயம் உங்கள் கற்பனை அல்ல, நடந்தது. கி.பி. 250இல் தேசியுஸ் பேரரசன் எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்றான். பலியிட்டவர் அதிகாரிகள் முன் பானம் வார்த்து, பலி இறைச்சியைச் சுவைத்து, சான்றிதழ் பெற வேண்டும். எகிப்து மணலில் அந்தப் பப்பைரஸ் சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன: பெயர், ஊர், ‘நான் எப்போதும் பலியிட்டு வந்தேன், இப்போதும் உங்கள் முன் பலியிட்டேன்’ என்ற வாசகம், அதிகாரியின் கையொப்பம், தேதி. சில கிறிஸ்தவர்கள் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமல் இலஞ்சம் கொடுத்துக் கடுதாசியை மட்டும் வாங்கினார்கள்.

கார்த்தேசு ஆயர் சிப்ரியான் ஒளிந்திருந்து கடிதங்களால் சபையை நடத்தினார். ஓடினார் என்று ஏசப்பட்டார். துன்புறுத்தல் தணிந்ததும் 251இல் ஆயர்களைக் கூட்டித் தவறியவர்களின் காரியத்தைத் தீர்த்தார்கள். கடுதாசி மட்டும் வாங்கியவரை ஒவ்வொருவராக விசாரித்துத் தவத்தின்பின் சேர்த்துக்கொள்வது. பலியிட்டவருக்கு நீண்ட தவம், மரணத் தறுவாயில் நற்கருணை. அடுத்த துன்புறுத்தல் நெருங்கியபோது, தவத்தில் இருந்த எல்லாரையுமே சேர்த்தார்கள், போராட்டத்துக்குப் போகிறவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பதற்காக. சிப்ரியான் 258 செப்டம்பர் 14 அன்று தலை வெட்டப்பட்டார். அன்று அவர் ஓடவில்லை.

ஆகவே உங்களுக்கு: விலகலாம், மறையலாம், வாய் மூடியிருக்கலாம், சட்டத்தை நாடலாம். நேரே கேட்கும்போது மறுதலித்துக் கையொப்பம் வைக்கக் கூடாது. வைத்துவிட்டால் அதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணவும் வேண்டாம். மூன்றுமுறை மறுதலித்த பேதுருவைத்தான் ஆண்டவர் மேய்ப்பனாக்கினார். மேய்ப்பருக்கு மட்டும் ஒரு கூடுதல் சுமை உண்டு. மந்தைக்கு வேறு ஆளில்லாதபோது அவர் போய்விடக் கூடாது.

எங்கள் மறைமாவட்டத்தில் சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஜூன் 6 அன்று புளியந்தீவு மரியாள் பேராலயத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். யூஜின் ஹெபர்ட் பாதர் 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் சாரதியோடு காணாமற்போனார். இப்படிப்பட்டவர்களை மறைசாட்சிகளாக அறிவிக்க என்ன செய்ய வேண்டும்?
— பங்கு மக்கள் சிலர், புளியந்தீவு

முதலில் சட்டம். இறந்து ஐந்து ஆண்டு கழிந்திருக்க வேண்டும். இறந்த இடத்து ஆயருக்கே விசாரணை நடத்தும் அதிகாரம். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்கள் 2012இலிருந்து தனி மறைமாவட்டம். விண்ணப்பிப்பவர் ஒரு பங்காக, துறவற சபையாக, பொதுநிலையினர் சங்கமாக இருக்கலாம். செலவையும் அவர்களே ஏற்பார்கள். அவர்கள் நியமிக்கும் வேண்டுகையாளர் ஆயரிடம் எழுத்தில் மனுக் கொடுப்பார். ஆயர் அயல் ஆயர்களைக் கலந்து, மக்களுக்குப் பகிரங்கமாக அறிவித்து, உரோமையில் தடையில்லை என்ற பதிலைப் பெறுவார். இறந்தவர் அச்சில் வெளியிட்டவற்றை இரு இறையியலாளர் வாசிப்பார்கள். கடிதம், நாட்குறிப்பு, பத்திரிகைச் செய்தி, பொலிஸ் ஆவணம் எல்லாவற்றையும் குறைந்தது மூவர் கொண்ட வரலாற்றுக் குழு திரட்டும். சாட்சிகள் சத்தியம் செய்து பேசுவார்கள், எழுத்தர் பதிவார். மூலம் மறைமாவட்டத்திலேயே இருக்கும், இரு பிரதிகள் முத்திரையிட்டு உரோமைக்குப் போகும். அங்கே இறையியலாளரும், பின் கர்தினால்மாரும் ஆயர்களும் ஆராய்வார்கள். பாப்பரசர் ஏற்றால் அருளாளர். மறைசாட்சிக்கு அந்தப் படிக்குப் புதுமை (அற்புதம்) தேவையில்லை. புனிதர் நிலைக்கு ஒன்று தேவை.

உண்மையான கடினம் படிகளில் இல்லை, நிறுவ வேண்டிய பொருளில்தான். ‘விசுவாச வெறுப்பினால்’ கொல்லப்பட்டார் என்று காட்ட வேண்டும். நம் போர்க்காலத்தில் குருமார் பலர் காணாமற்போனவரைத் தேடியதற்காக, கைதானவருக்காகப் பேசியதற்காக ஆபத்தைத் தேடிக்கொண்டார்கள். கொன்றவன் அரசியலுக்காகக் கொன்றேன் என்பான். அப்போது கேட்க வேண்டியது: அடிகளார் அந்த வேலையை ஏன் செய்தார்? நற்செய்தி சொன்னதற்காக என்று அவர் வாயாலும் வாழ்வாலும் காட்ட முடிந்தால் கதவு திறக்கிறது. சான் சல்வடோர் பேராயர் ஒஸ்கார் ரொமேரோ 1980 மார்ச் 24 அன்று பூசை செய்துகொண்டிருந்தபோது சுடப்பட்டார். கொலைக்குப் பின்னால் நின்றவர்களும் கத்தோலிக்கர் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். ஏழைகளுக்காகப் பேசியது நற்செய்தியின் பகுதி, அதை வெறுத்தது விசுவாசத்தையே வெறுத்தது என்ற முடிவுக்கு வர 35 ஆண்டு எடுத்தது: 2015இல் அருளாளர், 2018இல் புனிதர். மக்சிமிலியன் கொல்பே 1941இல் அவுஷ்விட்சில் இன்னொரு கைதிக்குப் பதிலாகச் செத்தார். 1971இல் மறைசாட்சி என்ற பெயரின்றி அருளாளரானார், 1982இல் மறைசாட்சியாகவே புனிதரானார். இப்படிப்பட்டவர்களுக்காகப் பாப்பரசர் பிரான்சிஸ் 2017இல் ‘உயிரைக் கையளித்தல்’ என்று தனி வழியையே திறந்தார். உறுதியாக வரப்போகும் சாவை அன்பினால் விரும்பி ஏற்றவர்களுக்கான வழி அது. ஆனால் அதில் அருளாளர் நிலைக்கே ஒரு புதுமை வேண்டும்.

காணாமற்போனவருக்கு உடல் இல்லை, சாவின் இடமும் நேரமும் இல்லை. அங்கே கண்ணால் கண்ட சாட்சி கிடைப்பதே முதற் சவால்.

இன்றே செய்யக்கூடியதைச் சொல்கிறோம். 1988இல் 30 வயதாக இருந்தவர் இப்போது எழுபதை நெருங்குகிறார். ஆகவே மனுவுக்குக் காத்திராமல் எழுதிவையுங்கள். ஒருவர் சொல்வதை ஒரு தாளில், அவரது சொந்தச் சொல்லிலே எழுதுங்கள்: முழுப்பெயர், பிறந்த ஆண்டு, இறந்தவரோடு என்ன பழக்கம், எதைத் தானே கண்டார், எதை யாரிடம் கேட்டார். கண்டதையும் கேட்டதையும் கலக்காதீர்கள், பெரும்பாலான வாக்குமூலங்கள் உரோமையில் விழுவது இங்கேதான். தேதி போட்டு, இருவர் முன் கையொப்பம் வாங்கி, ஒரு பிரதியைப் பங்குத்தந்தையிடம் கொடுங்கள். கூட்டமாக உட்கார்த்திக் கேட்க வேண்டாம். ஒருவர் சொன்னதை மற்றவரும் சொல்லத் தொடங்கிவிடுவார். குறைகளையும் எழுதுங்கள், புகழ் மட்டும் உள்ள வாக்குமூலத்தை ஆராய்வோர் நம்புவதில்லை. 30 ஆண்டுக்குப் பிறகு வரும் மனுவில், தாமதத்துக்கு வஞ்சகம் காரணமல்ல என்றும் ஆயர் உறுதிசெய்ய வேண்டியிருக்கும். போர் ஏன் வாயடைத்தது என்பதையும் அதே தாள்களில் பதியுங்கள்.

1814இல் மட்டக்களப்புக்கு வந்து அடுத்த ஆண்டே இறந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் இரத்தசாட்சியா?
— பழைய மாணவர், மெதடிஸ்த மத்திய கல்லூரி

இல்லை. கடற்பயணத்தில் மனைவியை இழந்து, தனியாளாக இங்கே வந்து, பள்ளிகளைத் தொடங்கி, நோயில் இறந்தார். பெரிய அர்ப்பணிப்பு. ஆனால் யாரும் அவரைக் கொல்லவில்லை.

தமிழ் பேசிய மறைசாட்சிகள் யார்?
— வாசகி, தம்பிலுவில்

நமக்கு மிக அருகில் மன்னார். 1544இல் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொல்வித்தான். மரபு சொல்லும் எண்ணிக்கை அறுநூறுக்கு மேல். அவர்களுக்கு மறை போதிக்கப் பிரான்சிஸ் சவேரியார் ஆள் அனுப்பியிருந்தார். தனித்தனிப் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை, வாக்குமூலம் எழுதப்படாததால் வந்த இழப்பு அது. ஓரியூரில் 1693 பெப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட அருளானந்தர் போர்த்துக்கேயர். தமிழகத்துத் துறவிபோல் உடுத்து, தமிழில் போதித்தவர். நட்டாலத்தில் 1712இல் பிறந்த தேவசகாயம் பிள்ளை திருவிதாங்கூர் அரண்மனை ஊழியர். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுடப்பட்டார். 2012இல் அருளாளர், 2022 மே 15இல் புனிதர். குடும்ப வாழ்வு வாழ்ந்த பொதுநிலையினர் ஒருவர் இந்தியாவிலிருந்து இந்நிலைக்கு உயர்ந்தது இதுவே முதன்முறை. யோசேப் வாஸ் முனிவரைச் சிலர் இந்த வரிசையில் சேர்ப்பதுண்டு. அவர் கண்டியில் சிறையிருந்தார், ஆனால் 1711இல் நோயுற்று இயல்பாகவே இறந்தார். புனிதர்தான், மறைசாட்சி அல்ல.

செபஸ்தியார் அம்பு பட்டுத்தானே இறந்தார்? திருவிழாவில் ஏன் சிவப்பு?
— பீடப்பணியாளர், தாண்டவன்வெளி

அம்பில் அவர் சாகவில்லை. மரபு வரலாற்றின்படி, இறந்தார் என்று விட்டுச்சென்ற அவரை ஐரீன் என்ற கைம்பெண் எடுத்துக் காயம் ஆற்றினார். தேறியதும் பேரரசனிடம் நேரே போய்க் கண்டித்தார், தடிகளால் அடித்துக் கொன்றார்கள். சுருபத்தில் அம்புகள் நிற்பது ஓவியர் மரபு. மறைசாட்சிகளின் விழாக்களுக்குச் சிவப்பு உடை இரத்தத்தின் அடையாளம்; ஜனவரி 20க்கு வெள்ளை எடுத்துவைத்துவிடாதீர்கள்.

மறைக்கல்வி வகுப்பில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது?
— மறையாசிரியை, ஆயித்தியமலை

சித்திரவதையை விவரிக்க வேண்டாம். ஸ்தேவான் ஒருவரே போதும். பந்தியில் உணவு பரிமாறத் தெரிவானவர் என்பதிலிருந்து தொடங்குங்கள் (அப். 6), கைம்பெண்களுக்குச் சோறு போட்ட மனிதர் என்றால் பிள்ளைகளுக்கு ஆள் தெரிந்துவிடும். கல்லெறிதலை ஒரே வாக்கியத்தில் கடந்து, அவர் சொன்ன மன்றாட்டில் நில்லுங்கள். ஆடைகளைக் காத்து நின்ற இளைஞன் பிறகு என்ன ஆனான் என்று கேட்டு, விடையை அடுத்த ஞாயிறு வரை வைத்திருங்கள்.

‘நாமும் இப்படிச் சாக வேண்டுமா?’ என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். ‘இல்லை. இயேசு நம்மை உயிரோடு இருந்து உண்மை சொல்லக் கேட்கிறார்’ என்று உடனே சொல்லுங்கள், தயங்கினால் பிள்ளை பயந்துவிடும். வகுப்புக்கு முந்திய வாரமே பெற்றோரிடம் விசாரித்து, குண்டுவெடிப்பில் உறவினரை இழந்த பிள்ளை உண்டா என்று அறிந்துகொள்ளுங்கள். இருந்தால், அந்தப் பிள்ளையின் தாயை அல்லது தந்தையை அன்றைக்கு வகுப்பில் பக்கத்தில் உட்கார வையுங்கள்.